ஒரே கப்பல், இரு தொழில்

கேள்வி: 18ஆம் நூற்றாண்டில் ஒரே கப்பல் சரக்கும் ஏற்றி, திமிங்கில வேட்டைக்கும் சென்றதாகப் படித்தேன். அது எப்படி இயன்றது? அக்காலத்தில் நம் ஊர்க் கரையில் சரக்கை எவ்வாறு ஏற்றினார்கள்?
– வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: வேகத்தைவிடக் கொள்ளளவே முக்கியமென்று அகன்ற வயிற்றுடன் கட்டப்பட்ட வணிகக் கப்பல், வேட்டைக்கும் பொருந்தியது. மேல்தளத்தில் செங்கல் அடுப்பு கட்டி, பெரிய கொப்பரைகளையும் சிறு படகுகளையும் சேர்த்தால் போதும். திமிங்கிலக் கொழுப்பை அங்கேயே உருக்கி, எண்ணெயைப் பீப்பாய்களில் நிரப்பி அடித்தளத்தில் அடுக்கினார்கள். மரக்கப்பலின் மேல் நெருப்பு மூட்டிய துணிச்சலை என்னவென்பது! ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையில் கிடைத்த மெழுகு, உயர்தர மெழுகுவத்திக்குப் பயன்பட்டது. வணிகக் கப்பலில் மாதச் சம்பளம் பெற்ற மாலுமி, வேட்டையில் கிடைத்த எண்ணெயில் பங்கு பெற்றார். வேட்டை பொய்த்தால் பங்கும் இல்லை.

1791இல் இங்கிலாந்திலிருந்து சிட்னிக்குக் கைதிகளை ஏற்றிச் சென்ற 'பிரிட்டானியா', 'வில்லியம் அண்ட் ஆன்' ஆகியவை, அவர்களை இறக்கிய கையோடு வேட்டைக்குப் புறப்பட்டன. உடன் சென்ற வேறு சில கப்பல்கள் பருத்தி ஏற்ற இந்தியாவுக்கு வந்தன.

கடலூரில் பெரிய கப்பல்கள் கரையை நெருங்க முடியாமல் சற்றுத் தள்ளிக் கடலில் நங்கூரமிட்டு நிற்க, ஆணியின்றிக் கயிற்றால் தைக்கப்பட்டு அலையின் அடிக்கு வளைந்து கொடுத்த மசூலா படகுகளே துணிப்பொதிகளைக் கொண்டு சேர்த்தன. ஐப்பசிப் புயலுக்கு அஞ்சி, அதற்கு முன்பே கப்பல்கள் இக்கரையை விட்டு அகன்றுவிடுவது வழக்கம்.