ஹட் பணம், சிட்டி கணக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடு வாங்குவது பற்றி. மீதியில் கோயில், காண்டிராக்டர், கவுன்சில் எல்லாம் கலந்து இருக்கின்றன. புதியவர்களுக்கு ஒரே வரியில்: ஹட் என்பது அமெரிக்க அரசின் வீட்டுவசதித் துறை, சி.டி.பி.ஜி. என்பது ஊர் மேம்பாட்டுக்கு அது தரும் மானியம், ஹோம் என்பது குறைந்த வருமானக்காரர்களின் வீட்டுக்கான மானியம், ஏ.எம்.ஐ. என்பது உங்கள் பகுதியின் இடைநிலைக் குடும்ப வருமானம். எண்களை ரவுண்டாகத்தான் சொல்கிறேன், உங்கள் ஊருக்கான சரியான தொகையை, இந்தப் பணத்தை எப்படிச் செலவிடுவது என்று வருடாவருடம் எழுதும் சிட்டியின் ஆக்‌ஷன் பிளானில் பாருங்கள். அந்த ஆவணத்தைப் படியுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இன்றைக்கும் சொல்வேன்.

எங்கள் சிட்டிக்கு வருடத்துக்கு எவ்வளவு சி.டி.பி.ஜி. வரும்? பக்கத்து ஊருக்கு ஏன் அதிகம்?

எந்த ஊர், எந்த மாநிலம் என்று எழுதாமல் இதைக் கேட்டால் நான் என்ன பதில் சொல்வது? பொதுவாகச் சொல்கிறேன். மக்கள்தொகை 50,000 தாண்டினாலோ, மெட்ரோ பகுதியின் முக்கிய நகரமாக இருந்தாலோ ஹட் நேரடியாக உங்கள் சிட்டிக்கே பணம் தரும். சிறிய ஊர் என்றால் கவுன்ட்டி வழியாகவோ மாநிலம் வழியாகவோதான். தொகையை இரண்டு ஃபார்முலாவில் கணக்குப் போட்டு, எது அதிகமோ அதை எடுத்துக்கொள்கிறார்கள். ஒன்றில் வறுமைக்குப் பாதி எடை, மக்கள்தொகைக்கும் ஆள் நெருக்கடியான வீடுகளுக்கும் கால் கால் பங்கு. இன்னொன்றில் 1940-க்கு முன் கட்டிய வீடுகளுக்கே பாதி எடை, மீதி வறுமைக்கும் மக்கள்தொகை வளர்ச்சியில் பின்தங்கியதற்கும். அதனால்தான் வடகிழக்கில் உள்ள பழைய ஊர்களுக்குத் தலைக்கு அதிகம் கிடைக்கிறது, டெக்சாஸில் நேற்று முளைத்த ஊர்களுக்குக் குறைவு. பழைய வீட்டில் வசதியானவர் குடியிருந்தாலும் ஃபார்முலாவில் அது பழைய வீடுதான். 1970-களில் போட்ட இந்தக் கணக்கை மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து, ஆனால் மாற்றினால் பணம் குறையும் ஊர்களின் உறுப்பினர்கள் காங்கிரஸில் விட மாட்டார்கள்.

நான் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன், மனைவியும் வேலைக்குப் போகிறார். முதல் வீடு வாங்க ஃபெடரல் மானியம் கிடைக்குமா?

குடும்பத்தின் மொத்த வருமானம், அதாவது வரிக்கு முன் உள்ளது, உங்கள் ஊர் ஏ.எம்.ஐ.யில் 80 சதவீதத்துக்குள் இருந்தால் விண்ணப்பிக்கலாம், தாண்டினால் கிடையாது. சிலிகான் பள்ளத்தாக்கில் நாலு பேர் குடும்பத்துக்கு அந்த வரம்பு லட்சம் டாலருக்கு மேல், மற்ற பல ஊர்களில் அதைவிட நிறையக் கீழே. "என் சம்பளம் மட்டும்" என்று போட்டு மனைவியின் சம்பளத்தை விட்டுவிடாதீர்கள், அது தகுதிக் கணக்கில் பொய்த் தகவல்.

நாலு வருடம் முன்னால் சிட்டியிடம் டவுன் பேமென்ட் உதவி வாங்கி வீடு வாங்கினோம். இப்போது வேறு மாநிலத்தில் வேலை. வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாமா?

விடாதீர்கள். உங்களுக்கு வந்தது ஹோம் பணமாக இருந்தால், தொகையைப் பொறுத்து 5 முதல் 15 வருடம் வரை அந்த வீட்டில் நீங்களே குடியிருக்க வேண்டும் என்பது நிபந்தனை. குளோசிங் அன்று, அதாவது வீடு கைமாறிய நாளில், கையெழுத்துப் போட்ட காகிதக் கட்டுக்குள் அந்த ஒப்பந்தம் இருக்கும், எடுத்துப் பாருங்கள். விற்றால் பெரும்பாலான ஊர்களில் 'ரீகேப்சர்' முறை: விற்று வரும் நிகரத் தொகையிலிருந்து ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்தால் போதும், அந்த நிகரத் தொகை போதாவிட்டால் அதற்கு மேல் உங்களிடம் கேட்க மாட்டார்கள். ஆனால் வாடகைக்கு விட்டது தெரிந்தால் கதை வேறு. அது நிபந்தனை மீறல், கொடுத்த ஹோம் பணம் முழுவதையும் சிட்டி ஹட்டுக்குத் திருப்பிக் கட்ட வேண்டும், சிட்டி அதை உங்களிடம்தான் வசூலிக்கும். சில ஊர்களில் 'ரீசேல்' முறை இருக்கிறது, அப்படியானால் தகுதியான குறைந்த வருமானக் குடும்பத்துக்குத்தான் விற்க முடியும். முதலில் சிட்டி ஹவுசிங் ஆபீஸைக் கூப்பிட்டு எது உங்களுடையது என்று கேளுங்கள், அப்புறம் ஏஜென்ட்டைக் கூப்பிடுங்கள்.

எங்கள் கோயிலில் வாராவாரம் இலவச உணவுப் பொருள் கொடுக்கிறோம். சி.டி.பி.ஜி. கேட்கலாமா? வார இறுதித் தமிழ்ப் பள்ளிக்கும் சேர்த்துக் கேட்கலாமா?

உணவுக்குக் கேட்கலாம். மதம் சார்ந்த அமைப்பு என்பதற்காகத் தள்ளக் கூடாது என்றே விதி இருக்கிறது. பணம் பூஜைக்கோ வழிபாட்டு மண்டபத்துக்கோ போகக் கூடாது, வழிபாடு வேறு நேரத்திலோ வேறு இடத்திலோ நடக்க வேண்டும், வருபவர் எந்த மதமானாலும் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வருகிறவர்களில் குறைந்தது 51 சதவீதம் பேர் குறைந்த வருமானக்காரர்கள் என்பதைக் காகிதத்தில் காட்டியாக வேண்டும். முதியோருக்கு மட்டும் கொடுப்பதானால் அந்தச் சிக்கல் இல்லை, முதியோர், வீடற்றோர் போன்ற சில பிரிவினரைக் குறைந்த வருமானம் என்றே எடுத்துக்கொள்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் பெரும்பாலும் நம்மைப் போன்ற சம்பளக்காரர்களின் பிள்ளைகள், அதற்கு இது இடமில்லை.

இன்னொன்று: சேவைகளுக்கு மொத்த மானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு மில்லியன் டாலர் வாங்கும் சிட்டி என்றால் ஒன்றரை லட்சம், அதை இருபது அமைப்புகள் கேட்கும். உங்களுக்கு வருவது பத்தாயிரம், பதினைந்தாயிரமாக இருக்கும். அதுவும் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது காட்டி, பிறகு வாங்குவதுதான் வழக்கம். அந்தக் கணக்கு எழுத ஆள் இல்லையென்றால் இந்த வருடம் கேட்காதீர்கள்.

மே மாதம் கவுன்சில் கூட்டத்தில் மூன்று நிமிடம் பேசினேன். எங்கள் பகுதியில் பழைய அபார்ட்மென்ட்களைச் சீர் செய்யப் பணம் ஒதுக்கச் சொன்னேன். எல்லாரும் தலையாட்டினார்கள், ஒரு டாலர்கூட மாறவில்லை. பொதுமக்கள் கருத்து என்பதெல்லாம் வெறும் சடங்கா?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொரு ஊரிலிருந்தும் இதே கடிதம் வருகிறது.

நீங்கள் பேசிய அன்று பணம் ஏற்கெனவே பங்கு போட்டு முடிந்துவிட்டது. ஜூலையில் வருடம் தொடங்கும் சிட்டி என்றால் மே நடுவிலேயே ஆக்‌ஷன் பிளான் ஹட்டுக்குப் போய்ச் சேர வேண்டும், 45 நாள் முன்னால் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதற்கு முன் 30 நாள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அப்படியானால் வரைவு மார்ச்சிலோ ஏப்ரலிலோ தயார். அமைப்புகளின் விண்ணப்பம் அதற்கும் முன்னால், பல ஊர்களில் டிசம்பர், ஜனவரியிலேயே மூடிவிடும். நீங்கள் மே மாதம் மைக் முன்னால் நின்றபோது கவுன்சிலர்கள் கையில் இருந்தது கிட்டத்தட்ட இறுதி ஆவணம். அதில் ஒரு வரியை மாற்றினால் இன்னொரு அமைப்பின் பணத்தைப் பிடுங்க வேண்டும், அந்த அமைப்பின் ஆட்கள் முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள்.

வருடத்துக்குக் குறைந்தது இரண்டு பப்ளிக் ஹியரிங் கட்டாயம், அதில் ஒன்று வரைவு வெளிவருவதற்கு முன்பே, தேவைகளைக் கேட்பதற்காக நடக்க வேண்டும். உங்கள் ஊரில் அது இலையுதிர் காலத்திலோ குளிர்காலத் தொடக்கத்திலோ ஒரு வாரநாள் மாலையில் நடந்திருக்கும். நான் போன இத்தகைய கூட்டங்களில் சிட்டி ஊழியர்கள் இருப்பார்கள், ஏற்கெனவே பணம் வாங்கும் நாலைந்து அமைப்புகளின் டைரக்டர்கள் இருப்பார்கள், பின்னால் நாற்காலி வரிசை காலியாகக் கிடக்கும். வாடகை வீட்டில் பூஞ்சை பிடித்த சுவருக்குப் பக்கத்தில் பிள்ளையைப் படுக்க வைக்கிறவர் அங்கே இருக்க மாட்டார். அவர் வந்து ஐந்து நிமிடம் பேசியிருந்தால் அது பதிவாகியிருக்கும், பிளானில் அந்தக் கருத்தைச் சேர்க்க வேண்டும், ஏற்கவில்லை என்றால் ஏன் என்று எழுத வேண்டும். மே மாத மூன்று நிமிடத்தைவிட அதற்குப் பலம் அதிகம்.

சிட்டி பக்கமும் தப்பு இருக்கிறது, அதை மூடி மறைக்க மாட்டேன். செய்தித்தாளின் சட்ட அறிவிப்புப் பத்தியில் எறும்பு எழுத்தில் ஒரு விளம்பரம், இணையதளத்தில் நாலு கிளிக்குக்கு அப்பால் ஒரு பி.டி.எஃப்., அத்தோடு கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இன்னொரு பழக்கமும் எனக்கு ஆத்திரம் மூட்டுகிறது. வருடம் முடிய 60 நாள் இருக்கும்போது செலவாகாத பணம் வருடாந்தர மானியத்தில் ஒன்றரை மடங்கைத் தாண்டக் கூடாது. அந்தத் தேதி நெருங்கினால் உடனே நடைபாதை, சாய்வுப் படி, பார்க் விளக்கு. இவை தேவையில்லை என்று சொல்லவில்லை, சக்கர நாற்காலிக்காரருக்குச் சாய்வுப் படி உயிர்நாடி. ஆனால் வீடு சீர் செய்யும் திட்டத்துக்கு ஆள் வைக்காமல், விண்ணப்பங்களைத் தேங்கவிட்டு, கடைசியில் சீக்கிரம் செலவாகும் என்பதற்காகவே கான்கிரீட் ஊற்றுவது திட்டமிடல் ஆகாது.

அதைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. 'கேப்பர்' என்கிற வருடாந்தர அறிக்கையை, வருடம் முடிந்து 90 நாளுக்குள் சிட்டி கொடுக்க வேண்டும். அதில் ஒரு அட்டவணை வரும், ஒரு பக்கம் இலக்கு, ஒரு பக்கம் நடந்தது. 'சீர் செய்த வாடகை வீடுகள்' என்ற வரிக்கு நேராக இலக்கு 20 என்றும் முடிந்தது 3 என்றும் இருந்தால், அந்தப் பக்கத்தை அச்செடுத்துக்கொண்டு தேவைகள் கூட்டத்துக்குப் போங்கள், தனியாகப் போகாதீர்கள், அந்த அபார்ட்மென்ட்காரர்கள் பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு போங்கள். இன்றே சிட்டிக்கு ஒரு மின்னஞ்சல் போட்டு அறிவிப்புப் பட்டியலில் பெயர் சேர்க்கச் சொல்லுங்கள்.

வீடு இல்லை வீடு இல்லை என்கிறார்கள். சி.டி.பி.ஜி. பணத்தில் சிட்டியே அபார்ட்மென்ட் கட்ட வேண்டியதுதானே?

சி.டி.பி.ஜி.யில் புது வீடு கட்டுவது பொதுவாக அனுமதி இல்லை, சில சமூக அமைப்புகள் வழியாக மட்டும் விதிவிலக்கு. நிலம் வாங்கலாம், இடிக்கலாம், தண்ணீர், சாக்கடை போடலாம், பழைய கட்டடத்தைச் சீர் செய்யலாம். கட்டுவதற்கு 1990-இல் வந்த ஹோம் இருக்கிறது, ஆனால் அது நாடு முழுவதுக்கும் வருடம் ஒன்றேகால் பில்லியன்தான், ஒரு கட்டடத்தின் முழுச் செலவையும் தாங்காது. பெரிய பணம் குறைந்த வருமான வாடகை வீடு கட்டுவதற்காக 1986-இல் வந்த வரிச் சலுகைத் திட்டத்திலிருந்து வருகிறது, ஹோம் அதில் விழும் இடைவெளியை அடைக்கிறது. யாராவது 'அஃபோர்டபிள்', அதாவது கட்டுப்படியாகும் வீடு, என்றால் இரண்டு கேள்வி கேளுங்கள்: எத்தனை சதவீத ஏ.எம்.ஐ.க்கு, எத்தனை வருடத்துக்கு? ஹோமில் புதிதாகக் கட்டும் வாடகை வீட்டுக்கு 20 வருடம். அதற்குப் பிறகு என்ன என்பதைச் சிட்டி தன் ஒப்பந்தத்தில் எழுதியிருக்க வேண்டும்.

எங்கள் லாப நோக்கற்ற அமைப்பு ஹோம் பணத்துக்கு விண்ணப்பித்திருக்கிறது. நல்ல கட்டடம் ஒன்று விலைக்கு வந்தது, சொந்தப் பணத்தில் அட்வான்ஸ் கொடுத்து வாங்கிவிடலாம் என்று போர்டு சொல்கிறது.

நிறுத்துங்கள். என்விரான்மென்டல் ரிவ்யூ, அதாவது சுற்றுச்சூழல் ஆய்வு, முடியும் முன் கையெழுத்துப் போடாதீர்கள். விண்ணப்பம் கொடுத்த பிறகு ஃபெடரல் பணம் மட்டுமல்ல, உங்கள் சொந்தப் பணத்தைக்கூட அந்தக் கட்டடத்தில் இறக்கக் கூடாது. இறக்கினால் மொத்தத் திட்டமும் மானியத்துக்குத் தகுதி இழக்கலாம். ரிவ்யூ முடிந்தால்தான் வாங்குவோம் என்ற நிபந்தனையோடு சிறு தொகைக்கு ஆப்ஷன் ஒப்பந்தம் போடலாம், அதையும் சிட்டியிடம் காட்டிவிட்டு. நல்ல மனசுக்காரர்கள் விழுகிற பள்ளம் இது.

பெயின்ட்டிங் காண்டிராக்ட் எடுக்கிறேன். சிட்டி திட்டத்தில் ஒரு தனி வீட்டு வேலை வந்திருக்கிறது. டேவிஸ்-பேகன் கூலி (ஃபெடரல் பணத்தில் நடக்கும் கட்டட வேலைக்கு அரசு நிர்ணயிக்கும் குறைந்தபட்சக் கூலி) கொடுக்க வேண்டுமா?

சி.டி.பி.ஜி.யில் எட்டுக் குடியிருப்புக்குக் குறைவான வீட்டுக்கு வேண்டாம். ஆனால் 1978-க்கு முன் கட்டிய வீடு என்றால் ஈயப் பெயின்ட் சான்றிதழ் இல்லாமல் சுரண்டும் கருவியைக் கையில் எடுக்காதீர்கள்.

செக்‌ஷன் 108 மூலம் சிட்டிக்குப் பெரிய தொகை வருகிறதாம், செலவே இல்லை என்கிறார் எங்கள் கவுன்சிலர்.

அது கடன். வருடாந்தர சி.டி.பி.ஜி.யில் ஐந்து மடங்கு வரை வாங்கலாம், வரப்போகும் மானியங்கள்தான் அடமானம். திட்டம் வருமானம் தராவிட்டால் இருபது வருடம் வரை ஏழைகளுக்கான பணத்தில் தவணை கட்டுவீர்கள். வருமானக் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த மானியங்களையே நிறுத்தப் போகிறார்கள் என்கிறார்களே?

2018 முதல் 2021 வரை நாலு வருட பட்ஜெட்டிலும் வெள்ளை மாளிகை சி.டி.பி.ஜி.க்கும் ஹோமுக்கும் பூஜ்யம் கேட்டது, காங்கிரஸ் ஒவ்வொரு முறையும் பணம் போட்டது. 2026-க்கும் அதே பூஜ்யத்தைக் கேட்டார்கள். சி.டி.பி.ஜி. 1974-இல் அதிபர் ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம், இரண்டு கட்சி மேயர்களும் இதை விடுவதில்லை. ஆனால் சத்தமில்லாமல் தேய்கிறது. 1990-களின் நடுவில் சி.டி.பி.ஜி. நாலரை பில்லியன் இருந்தது இப்போது 3.3 பில்லியன், அதுவும் விலைவாசியைக் கணக்கில் எடுக்காமல்.

அம்மா தனியாகப் பழைய வீட்டில் இருக்கிறார், கூரை ஒழுகுகிறது. சிட்டி சீர் செய்யுமா?

வீடு அவர் பெயரில், அவரே குடியிருக்கிறார், வருமானம் ஏ.எம்.ஐ.யில் 80 சதவீதத்துக்குள் என்றால் வீட்டுச் சீரமைப்புத் திட்டத்தில் கேட்கலாம். அவரோடு வேறு யாராவது பெரியவர் தங்கியிருந்தால் அவர் வருமானமும் சேரும். பல ஊர்களில் இது வட்டியில்லாக் கடனாக வரும், வீட்டின் மேல் லீன், அதாவது கடனுக்கான உரிமைப் பதிவு, போடுவார்கள், விற்கும்போது கட்டலாம். சொத்து வரி பாக்கி இருந்தால் முதலில் அதை முடியுங்கள். சிட்டி ஆள் வந்து பார்க்கும் முன் நீங்களாகக் காண்டிராக்டரிடம் கையெழுத்துப் போடாதீர்கள், போட்ட வேலைக்குப் பணம் வராது. காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருந்தால் அவசரப் பழுதுத் திட்டம் தனியாக இருக்கிறதா என்று கேளுங்கள், ஒழுகும் கூரை பல ஊர்களில் அதில் வரும்.