உப்புத்தண்ணித் தொட்டியிலை சின்னச் சின்னப் புழு கிடக்கு, என்ன புழு எண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?

முதல்ல மருந்துப் போத்திலைத் திறக்காதேங்கோ. கண்ணாடியிலை வெள்ளைப் புள்ளி, கல்லுக்குக் கீழை மயிர் வைச்ச ஒண்டு, செம்மண் நிறத்திலை ஒட்டிக்கொண்டு கிடக்கிற சின்னன் எண்டு எழுதியிருக்கிறியள், அது மூண்டும் வேறை வேறை சாமான்.

வெள்ளைப் புள்ளியை போனிலை சூம் பண்ணிப் பாருங்கோ, ஒண்டு ரெண்டு மில்லிமீற்றரிலை சுருண்ட ஓடு தெரியும், அசையாமல் நிண்டா வாய்ப்பக்கத்தாலை ஒரு குஞ்சம் விரியும், கண்ணாடியைத் தட்டினா டக்கெண்டு உள்ளுக்கை போயிடும். அது ஸ்பைரோர்பிட், ஓட்டுக்குள்ளை இருக்கிற ஒரு புழு. ஒண்டும் செய்யாது, விடுங்கோ.

மயிர் வைச்சது பிரிசில் வோர்ம், முருங்கை மயிர்க்கொட்டியை இழுத்து நீட்டி விட்ட மாதிரி இருக்கும். ராவிலை லைற்றை நூத்துப்போட்டு ரெண்டு மணித்தியாலம் கழிச்சு ரோச் அடிச்சுப் பாருங்கோ, பாதி உடம்பை ஓட்டைக்குள்ளை வைச்சுக்கொண்டு மிச்சப் பாதியாலை மண்ணைத் தடவும், வெளிச்சம் பட்டா இழுத்துக்கொள்ளும். மீன் திண்டு மிஞ்சினதைத் துப்பரவாக்கிறதே உவைதான். செத்த மீனிலை மொய்ச்சுக் கிடக்கிறதைக் கண்டுட்டு புழுதான் மீனைச் சாக்காட்டினது எண்டு கன பேர் பழி போடுறவை, பாவம். கூடிப்போச்செண்டா நீங்கள் போடுற சாப்பாடு கூட, அதைக் குறையுங்கோ. வெறுங்கையாலை மட்டும் தொடாதேங்கோ, மயிர் குத்தினா ரேப் ஒட்டி இழுத்தா வந்திடும், பிறகு வினாகிரி பூசுங்கோ.

மூண்டாவதுதான் எனக்கு யோசனை. தட்டையாய், வால்பக்கம் பிளந்து, வெளிச்சம் விழுற இடத்திலை கூட்டமாய்க் கிடந்தா அது ரெட் பிளாற்வோர்ம். உடம்புக்குள்ளை பாசி வைச்சிருக்கிறதாலைதான் வெளிச்சத்தைத் தேடுது. உது ஒரேயடியாச் செத்தா தண்ணியிலை நஞ்சு விடும், மீனும் சேந்து போகும். அதாலை காத்துப் போற மெல்லிய ரியூப்பாலை வாளிக்குள்ளை உறிஞ்சி உறிஞ்சி எடுத்துக் குறைச்சுப்போட்டுத்தான் பிளாற்வோர்ம் மருந்து போடோணும், அண்டைக்கு நஞ்சை உறிஞ்ச பில்டரிலை புதுக் காபனும் (கரி) தண்ணி மாத்த பக்கத்திலை கலந்து வைச்ச உப்புத்தண்ணியும் ரெடியா இருக்கோணும். கறண்ட் நிப்பாட்டுற நாளிலை இந்த வேலைக்குப் போகாதேங்கோ, பம்ப் ஓடாட்டி எல்லாம் வீண்.

கடையிலை புழுவுக்கு எண்டு கேட்டா சில பேர் செம்பு கலந்த மீன் மருந்தைத் தருவினம், வேண்டாம். இறால், நத்தை, பவளம் எல்லாம் சாகும், கல்லிலையும் மண்ணிலையும் ஊறின செம்பு பிறகும் கசிஞ்சுகொண்டே இருக்கும். இந்தப் புழுவெல்லாம் பெரும்பாலும் தொட்டிக்குள்ளை வைச்ச கல்லோடை வந்ததுதான், அதுக்காக கீரிமலைக் கடற்கரைப் பக்கம் போய் வேறை கல்லுப் பொறுக்க வெளிக்கிடாதேங்கோ, பவளக்கல்லு எடுக்கிறது சட்டப்படி குற்றம்.

வால் தெரியிற மாதிரி ஒரு படம் போடுங்கோ, பிளவு இருந்தா உறிஞ்சத் தொடங்கலாம்.