சிஸ்டர் பதில்கள்: ராத்திரி டூட்டியில் யார்?

(வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கத்து ஊர்களில் வீடு வீடாகப் போய், நோய் முற்றியவர்களைப் பார்த்துக்கொண்ட ஓய்வுபெற்ற செவிலியர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்.)

கேள்வி: அன்புள்ள சிஸ்டர், எங்கள் நைனாவுக்கு 67 வயது. தறி நெய்தவர், எந்நேரமும் வாயில் புகையிலை. கன்னத்தில் வந்த புற்றுநோய் கழுத்துக்கும் இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்து, கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தாயிற்று. இனி வைத்தியம் இல்லை, வலியில்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெங்களூரில் இருக்கும் தம்பி, பைபாஸ் ஓரம் ஒரு ஹாஸ்பிஸ் (நோய் முற்றியவர்களைக் கடைசி வரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம்) பார்த்திருக்கிறான். ஏசி ரூம், டிவி, மாதம் 35,000 ரூபாய். கன்னியாஸ்திரிகள் நடத்தும் ஒரு இல்லத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள் என்கிறார் சித்தப்பா. எனக்கோ வீட்டிலேயே நர்ஸ் வைத்துக்கொள்ளலாமா என்று இருக்கிறது. எதை வைத்து முடிவு செய்வது? – வாசகி, குடியாத்தம்

பதில்: அம்மா, மூன்று இடத்திலும் முதலில் ஒரே கேள்வியைக் கேளுங்கள். "ராத்திரி 2 மணிக்கு நைனாவுக்கு வலி வந்தால் யார் வருவார்கள், என்ன கொடுப்பார்கள்?" பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். டாக்டர் இருப்பார், மேனேஜர் இருப்பார், தரை துடைத்திருக்கும். வாய், கழுத்துப் புற்றுநோயின் வலி ராத்திரியில்தான் ஆளைப் பிடுங்கி எடுக்கும்.

அவர்கள் சொல்லும் பதிலில், கடும் வலிக்குக் கொடுக்கும் மருந்தான மார்ஃபின் வருகிறதா என்று கவனியுங்கள். "வலி வந்தா ஊசி போடுவோம்மா, தூங்கிடுவாரு" என்றால் அது போதாது. மார்ஃபினை வலி வந்த பிறகு தேடி எடுத்துக் கொடுக்கக் கூடாது. சாதாரண மாத்திரை என்றால் 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்துக் கொடுக்க வேண்டும். நடுவில் வலி பீறிட்டால் கொடுக்க வேண்டிய கூடுதல் அளவையும் டாக்டர் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே மலம் இளக்கும் மருந்தும் கூடவே போக வேண்டும், ஏனென்றால் மார்ஃபின் சாப்பிடுகிறவர்களுக்கு மலச்சிக்கல் அநேகமாக வந்தே தீரும். நீங்கள் கேட்காமலே இதையெல்லாம் அவர்கள் சொன்னால் வேலை தெரிந்தவர்கள் என்று நம்பலாம்.

மார்ஃபினை யார் வேண்டுமானாலும் வாங்கி வைத்துவிட முடியாது. 1985-ல் போதைப்பொருள் சட்டம் வந்த பிறகு லைசென்ஸ் தொல்லைக்குப் பயந்து நிறைய ஆஸ்பத்திரிகள் அதை வைப்பதையே விட்டுவிட்டன. வலியில் துடித்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய கொடுமை என்பதைக் கட்டிலருகில் நின்றவர்கள் மறக்க முடியாது. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனங்கள் சுலபமாக வாங்கி வைத்துக்கொள்ள வழி செய்தார்கள். அதனால் "உங்களுக்கு அந்த அங்கீகாரம் இருக்கிறதா, இல்லையென்றால் எங்கிருந்து வாங்குகிறீர்கள்?" என்று நேராகவே கேளுங்கள். மார்ஃபின் கிடைக்காத இடத்தை நான் ஹாஸ்பிஸ் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன், எத்தனை ஏசி இருந்தாலும் சரி.

அடிமையாகிவிடுவாரோ என்று தம்பி பயப்படலாம். புற்றுநோய் வலிக்கு, வலியின் அளவு பார்த்து டாக்டர் கொடுக்கும்போது அந்தப் பயம் வேண்டாம். முதல் சில நாள் தூக்கக் கலக்கமும் குமட்டலும் இருக்கும், அப்புறம் குறைந்துவிடும்.

நைனாவுக்கு மூக்குக் குழாய் போட்டிருந்தால் இன்னொன்றும் கேளுங்கள், அதுவும் நைட் டூட்டி சிஸ்டரிடம்: "மாத்திரையைப் பொடித்துக் குழாயில் விடுவீர்களா?" சாதாரண மார்ஃபின் மாத்திரையைப் பொடிக்கலாம். 12 மணி நேரம் நின்று வேலை செய்யும் மாத்திரையைப் பொடிக்கவே கூடாது. பொடித்தால் அத்தனை மருந்தும் ஒரேயடியாக உடம்பில் இறங்கிவிடும், உயிருக்கே ஆபத்து. இது டாக்டருக்கு மட்டும் தெரிந்தால் போதாது, ராத்திரி மாத்திரையைக் கையில் எடுப்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

புண் வெளியே திறந்திருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. திறந்திருந்தால் வாடை வரும். அந்த வாடையால்தான் பேரப்பிள்ளைகளைப் பக்கத்தில் விடாமல், மனிதரைப் பின்கட்டில் தனியாகப் போட்டுவிடுகிறார்கள். வலிக்கு அழாதவர்கள்கூட இதற்கு அழுவதைப் பார்த்திருக்கிறேன். வாடைக்கு மருந்து இருக்கிறது. உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, மெட்ரோனிடசால் மாத்திரையைப் பொடித்துத் தூவிக் கட்டி வந்தால் சில நாளில் நன்றாகக் குறையும். ஈ உட்காராமல் மூடி வைக்க வேண்டும். மீறிப் புழு வைத்துவிட்டால், டர்பன்டைன் எண்ணெயில் நனைத்த துணி வைத்து ஒவ்வொன்றாக எடுக்கத் தெரிந்த, முகம் சுளிக்காத கை வேண்டும். "இந்தப் புண்ணுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டு, பதில் சொல்பவரின் முகத்தையும் பாருங்கள்.

சொல்லக் கஷ்டமான ஒன்றும் உண்டு. கழுத்துப் புண் ரத்தக்குழாயை அரித்தால் திடீரென்று ரத்தம் கொட்டலாம். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லை. ஆனாலும் நல்ல குழு இதை மறைக்காது. உங்களைத் தனியாக அழைத்து நிதானமாகச் சொல்லும், கறுப்பு அல்லது அடர்சிவப்புத் துணிகளைக் கட்டிலருகே வைத்துக்கொள்ளச் சொல்லும். ரத்தம் பளிச்சென்று கண்ணில் பட்டு நைனா மிரளக் கூடாது என்பதற்காக. அந்த நேரத்தில் கொடுக்க வேண்டிய ஊசியையும் எழுதி வைத்திருக்கும். இதைப் பேசுகிற இடத்தில் தைரியமாக விடலாம்.

அப்புறம், நேரில் போய்ப் பாருங்கள். போன் செய்துவிட்டுப் போக வேண்டாம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் சொல்லாமல் போங்கள். வார்டைக் காட்டச் சொல்லுங்கள். யாரும் வந்து பார்க்காத ஒரு நோயாளி எந்த இடத்திலும் இருப்பார், அவரைக் கவனியுங்கள். உதடு காய்ந்து வெடித்திருக்கிறதா? நகம் வெட்டியிருக்கிறதா? தண்ணீர் அவர் கைக்கு எட்டுகிறதா? தானாகத் திரும்ப முடியாதவரை சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்க வேண்டும், ஏர் பெட் போட்டிருந்தாலும் திருப்பத்தான் வேண்டும். திருப்பிய நேரத்தை எழுதி வைக்கிறார்களா என்று கேளுங்கள். கத்திரி வெயிலில் நம் ஊர் இருக்கிற இருப்புக்கு, ரெக்ஸின் மெத்தையில் ஒரே பக்கமாகக் கிடந்தால் முதுகு சீக்கிரமே புண்ணாகிவிடும்.

வெள்ளை உடுப்புப் போட்டவர் எல்லாரும் நர்ஸ் இல்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிகளில் இதை முக்கியமாகக் கேளுங்கள்: மாநில நர்ஸ் கவுன்சிலில் பதிவு செய்தவரா, இல்லை சில மாதம் பயிற்சி எடுத்த உதவியாளரா? உதவியாளர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. வாய் கழுவி, துணி மாற்றி, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பது பல இடங்களில் அவர்கள்தான். ஆனால் மருந்தைக் கூட்டுவதா வேண்டாமா என்று அவர்கள் தலையில் கட்டக் கூடாது.

பணத்தைப் பற்றி: மாதக் கட்டணத்தில் மருந்து, டயப்பர், டிரெஸ்ஸிங், ஆக்சிஜன் எல்லாம் அடக்கமா, மாதத்தின் நடுவில் இறந்துவிட்டால் மீதியைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இலவச இல்லத்தை இலவசம் என்பதற்காகக் குறைத்து எடை போட வேண்டாம். இந்தியாவில் இந்தச் சேவை வளர்ந்ததே பெரும்பாலும் அறக்கட்டளைகளாலும் தொண்டர்களாலும்தான். 1986-ல் மும்பையில் தொடங்கிய சாந்தி அவேத்னா என்ற ஹாஸ்பிஸ் அப்படிப்பட்டது. 1993-ல் கோழிக்கோட்டில் சில டாக்டர்கள் ஆரம்பித்த வேலையை ஊர்க்காரர்களே கையில் எடுத்து, வீடு தேடிப் போகும் வழக்கமாக மாற்றினார்கள்.

வீட்டில் வைத்துப் பார்க்க நினைக்கிறீர்களே, அதற்கும் துணை இருக்கிறது. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்த படுக்கையானவர்களை வீட்டில் வந்து பார்க்கும் நோய்த்தணிப்புச் சேவையும் உண்டு. உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நைனாவின் பெயரைப் பதியுங்கள். வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியிலும் நோய்த்தணிப்புப் பிரிவு இருக்கிறது. வீட்டுக்கு வரும் குழு உங்கள் பகுதிக்கு வருமா என்று அங்கே விசாரியுங்கள். யார் வந்தாலும், ராத்திரி போனை எடுப்பார்களா, டிரெஸ்ஸிங்கை உங்களுக்கே கற்றுத் தருவார்களா என்று பாருங்கள். கற்றுத் தராமல் தாங்களே வந்து செய்துவிட்டுப் போகிற குழு, அடுத்த முறை வரும் வரைக்கும் உங்களைத் தவிக்க விடும்.

கடைசியாக, அவர்கள் உங்களிடம் என்ன கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நல்ல இடத்தில், நைனாவுக்கு நோயைப் பற்றி எவ்வளவு தெரியும், எதற்குப் பயப்படுகிறார், எங்கே இருக்க ஆசைப்படுகிறார் என்று விசாரிப்பார்கள். உங்கள் கடிதத்தில் தம்பி சொன்னது இருக்கிறது, சித்தப்பா சொன்னது இருக்கிறது. நைனா என்ன சொன்னார் என்று இல்லையே அம்மா. அவர் பேச முடியாவிட்டாலும் தலையசைப்பார், எழுதிக் காட்டுவார். அவரைக் கேளுங்கள். என் எண்ணம், அவர் வீடு என்று சொன்னால் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வலி அடங்காமல் போனாலோ உங்களுக்கு உடம்பு முடியாமல் போனாலோ சில நாள் சேர்க்க, அந்த இல்லத்தையோ பைபாஸ் இடத்தையோ இப்போதே பார்த்துப் பேசி வையுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் கர்ப்பப்பைப் புற்றுநோய். ஒரு ஹாஸ்பிஸில் சேர்த்திருக்கிறோம். மூன்று நாளாக ஒன்றும் சாப்பிடவில்லை. டிரிப் போடுங்கள் என்றால் வேண்டாம் என்கிறார்கள். பட்டினி போட்டே கொன்றுவிடுவார்களா? இடத்தை மாற்றட்டுமா? – வாசகர், ஆம்பூர்

பதில்: தம்பி, பெற்ற தாய் சாப்பிடாமல் கிடப்பதைப் பார்ப்பது எந்தப் பிள்ளைக்கும் தாங்காது. ஆனால் டிரிப் போடவில்லை என்பதை மட்டும் வைத்து அவர்களைத் தவறாக நினைக்க வேண்டாம். கடைசி நாட்களில் உடம்புக்குச் சாப்பாடு கேட்கத் தோன்றாது. அப்போது ஏற்றும் தண்ணீர் கை காலில் வீக்கமாகவும் நெஞ்சில் சளியாகவும் சேர்ந்து மூச்சுக்குக் கஷ்டம் கொடுக்கலாம். வாயில் ஊட்டினாலும் புரையேறி நுரையீரலுக்குப் போகலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது வேறு. சாப்பாடு படிப்படியாகக் குறைந்ததா, திடீரென்று நின்றதா? திடீரென்று நின்றிருந்தால், வாயில் வெள்ளை படிந்து புண்ணாகியிருக்கலாம், நாள்கணக்கில் மலம் போகாமல் இருக்கலாம், வாந்தியோ வலியோ இருக்கலாம். இவற்றையெல்லாம் சரிசெய்ய முடியும். இதைப் பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்கிறார்கள் என்றால், அவர்கள் சொல்வது சரி. அம்மாவின் வாயை அடிக்கடி ஈரத்துணியால் துடைக்கிறார்களா, உதட்டுக்கு ஏதாவது தடவுகிறார்களா? தொண்டையில் கரகரவென்று சத்தம் வந்தால் பக்கவாட்டில் திருப்பிப் படுக்க வைக்கிறார்களா? டாக்டர் உங்களோடு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினாரா? விளக்கவில்லை என்றால் அது அவர்கள் பக்கத்துக் குறைதான், இன்றைக்கே நேரம் கேட்டுப் பேசுங்கள்.

அம்மா முனகாமல், முகம் சுருங்காமல் இருக்கிறார் என்றால் இந்த நிலையில் வண்டியில் ஏற்றி வேறு இடத்துக்கு அலைக்கழிக்க வேண்டாம். இளநீரில் நனைத்த துணியால் நீங்களே வாயைத் துடைத்துவிடுங்கள். விழிப்பாக இருந்து கேட்டால் அரை ஸ்பூன் கொடுக்கலாம்.

கேள்வி: பாட்டியை வீட்டில் வைத்து, ஒரு தனியார் குழு மூலம் பார்த்துக்கொள்கிறோம். வீட்டிலேயே உயிர் பிரிந்தால் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்குமா? – வாசகி, வாலாஜாபேட்டை

பதில்: இதை அந்தக் குழுவிடம் இன்றைக்கே கேளுங்கள். பார்த்துவந்த டாக்டர்தான் இறப்புக்கான காரணத்தை எழுதிச் சான்று தர வேண்டும். ராத்திரியிலும் வந்து தருவாரா, காலையில்தான் வருவாரா என்று தெரிந்துகொள்ளுங்கள். "அது எங்கள் வேலை இல்லை" என்று சொல்லும் குழுவை மாற்றுவது நல்லது. அந்தச் சான்றை வைத்து 21 நாளுக்குள் பதிவு செய்தால் தாமதக் கட்டணம் கிடையாது. நகராட்சி எல்லைக்குள் என்றால் நகராட்சி அலுவலகம், கிராமம் என்றால் வி.ஏ.ஓ.

பதற்றத்தில் ஆம்புலன்ஸில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், வரும்போதே உயிர் இல்லை என்று எழுதிவிடுவார்கள். போலீசுக்குத் தகவல், போஸ்ட்மார்ட்டம் என்று இழுத்துக்கொண்டு போகவும் வாய்ப்புண்டு. பாட்டியின் டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துச் சீட்டு, ஆதார் நகல் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள். ராத்திரியில் அழைக்க வேண்டிய டாக்டரின் நம்பரை அதன் மேலேயே பெரிதாக எழுதி, வீட்டில் எல்லோருக்கும் காட்டி வையுங்கள்.