கறுப்பு ஸ்ப்ரூஸுக்கு வாய்க்கால் வெட்டச் சொன்னவர் ஆர்?

கேள்வி: கனடாவில சட்பரிக்கு வடக்கே 40 ஏக்கர் காணி வாங்கினனான். பின்பக்கம் சதுப்பு, முழுக்க ஒல்லியான ஊசியிலை மரம், ஆளுயரத்துக்குக் கொஞ்சம் கூட. சிலதில துடைப்பம் மாதிரிக் கொத்து வந்து உச்சி காயுது. கடைக்காரர் பால்சம் ஃபர் எண்டுறார், வாய்க்கால் வெட்டிச் சுண்ணாம்பும் பசளையும் போட்டா கிறிஸ்மஸ் மரமா விக்கலாமாம். உண்மையோ அண்ணை?

பதில்: தம்பி, கடைக்காரர் மரத்தைப் பாக்காமலே பேர் வைச்சிட்டார். நீங்கள் சொல்றதைப் பாத்தா அது கறுப்பு ஸ்ப்ரூஸ் எண்ட வேற ஊசியிலை மரம் போல. ஊசியை விரலுக்கிடையில உருட்டுங்கோ, ஃபர் ஊசி தட்டை, உருளாது, உருண்டா ஸ்ப்ரூஸ். இளம் குச்சியை லென்ஸில பாருங்கோ, துரு நிறத்தில பொடி மயிர் இருந்தா கறுப்பு ஸ்ப்ரூஸ், மொட்டையெண்டா வெள்ளை. கறுப்பன்ர கூம்பு 2, 3 சென்ரிமீற்றர்தான், உச்சியில வருசக்கணக்கா கொத்தா ஒட்டிக்கொண்டு நிக்கும். ஒக்ரோபரில ஊசி மஞ்சளாகிக் கொட்டுறது தமரக் எண்ட இன்னொரு மரம், அதைச் செத்த ஸ்ப்ரூஸ் எண்டு வெட்டின ஆக்களும் இருக்கினம்.

வாய்க்கால் கதையைக் கேட்டாலே எனக்கு ஏறும். சதுப்பில பாசி செத்துச் சேர்ற அந்த மக்கு வருசத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர்தான் ஏறும், அப்ப ஒரு மீற்றர் ஆழம் எண்டா ஆயிரம் வருசம், தண்ணியை வடிச்சா காத்துப் பட்டு உக்கி நிலமே தாழ்ந்துபோகும், பிறகு எந்தச் சுண்ணாம்பு மூட்டை அதைத் திருப்பித் தரும்? கடைக்காரருக்கு மூட்டை விக்கவேணும், அவ்வளவுதான். மரம் குட்டையா நிக்கிறது நோயில்லை, குளிர், புளிப்பு மண், தண்ணி, அதுக்கு அதுதான் வாழ்க்கை. மணிக்கட்டு மொத்தத்தில நிக்கிறதை அறுத்து வளையம் எண்ணினா 100 தாண்டும் சிலவேளை. கன்றும் வாங்காதேங்கோ, கீழ்க்கொப்பைப் பாசி மூடினா அதிலயே வேர் விட்டுப் புதுசு எழும்பும்.

நீங்கள் முதல்ல கேட்டிருக்கவேண்டியது அந்தத் துடைப்பக் கொத்தைத்தான். ஊரில மாமரத்தில குருவிச்சை வருமே, அதின்ர தூரத்துச் சொந்தம் ஒண்டு, 2 சென்ரிமீற்றர்கூட வராது, விதையைத் தெறிக்கவைச்சுப் பக்கத்து மரத்துக்குத் தாவும். மருந்தடிச்சுப் பிரயோசனமில்லை. பிடிச்ச மரத்தையும் அதைச் சுத்தி நிக்கிறதையும் வெட்டவேணும், மரம் செத்தா அதுவும் செத்திடும். நிலம் உறைஞ்சாப் பிறகு வெட்டுங்கோ, இப்ப இறங்கினா முழங்கால் வரை தாழும். ஆனா கொத்து மஞ்சளாகி, மாரியில ஊசி கொட்டினா அது துரு நோய், வேற கதை. அதால வெட்ட முதல் கொத்தைக் கிட்டப் பிடிச்சு ஒரு போட்டோ அனுப்புங்கோ, ரோட்டில நிண்டு எடுத்தது வேண்டாம்.