நிறுத்தி வைத்த வண்டி

அன்புள்ள ஐயா,

மியூனிக்கில் பொறியாளராக வேலை செய்கிறேன். டுரின் நகரத்தில் நீங்கள் வாழ்ந்த காலம் பற்றிய கட்டுரைகளைத் தொடர்ந்து படிப்பவன். சிறுவயதிலிருந்தே எனக்கு இத்தாலியக் கார்கள் மீது பித்து. இப்போதுதான் கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. 2009-ஆம் ஆண்டு மசெராட்டி கிரான்டூரிஸ்மோ ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இரண்டு வண்டிகளைப் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 4.7 லிட்டர் 'எஸ்' வகை, வெள்ளை. 19,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. கடந்த ஆறு ஆண்டுகளாகக் கிடங்கில் நிற்கிறது. மற்றது 4.2 லிட்டர், ஆட்டோமேட்டிக், கருநீலம். 1,04,000 கிலோமீட்டர் ஓடியது. ரசீதுகள் ஒரு கோப்பு நிறைய இருக்கின்றன. வெள்ளை வண்டிதான் நாளைய கிளாசிக் என்று தோன்றுகிறது. அதை வாங்கி, உறை போட்டு நிறுத்திவைத்தால் 2039-ல் பழங்கால வண்டிகளுக்கான 'எச்' எண்பலகை கிடைக்கும், வரி குறையும், விலையும் பலமடங்கு ஏறியிருக்கும் என்பது என் கணக்கு. அந்தப் பணத்துக்கு ஊரில் நிலம் வாங்கலாம் என்கிறார் என் மனைவி. 2035-க்குப் பிறகு பெட்ரோல் கார்களுக்குத் தடை வரும் என்கிறார்களே, அதுவும் யோசனையாக இருக்கிறது. உங்கள் கருத்து என்ன?

கே., மியூனிக்

*

அன்புள்ள கே.,

எந்தக் காரை வாங்கலாம் என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் 'உறை போட்டு நிறுத்திவைத்தால்' என்று நீங்கள் எழுதியிருக்கும் இடம்தான். சில மாதங்களாகவே இந்த விஷயம் என் மனதை அரித்துக்கொண்டிருக்கிறது. ஏல அறிவிப்புகளைப் பார்க்கிறேன். வண்டி ஓடவே இல்லை என்பதை அதன் தலையாய தகுதியாகப் போடுகிறார்கள். ஓட்டுவதற்கென்றே செய்த ஒரு பொருளுக்கு இதைவிடப் பெரிய அவமரியாதை இருக்க முடியுமா?

முதலில் சில்லறை விஷயங்களை முடித்துவிடுகிறேன். 2035 விதி புதிதாக விற்கும் கார்களைப் பற்றியது. ஏற்கெனவே பதிவான வண்டியை யாரும் பிடுங்கிக்கொண்டு போகப்போவதில்லை. நிறம் உங்கள் இஷ்டம். நிலமா, காரா என்றால் உங்கள் மனைவி சொல்வதுதான் சரி. பணம் பெருக வேண்டும் என்பதே நோக்கமென்றால் நிலத்தை வாங்குங்கள். இந்தப் பேச்சை இத்தோடு முடித்துக்கொள்ளலாம். ஆனால் சிறுவயதிலிருந்தே பித்து என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை நம்பித்தான் மேற்கொண்டு எழுதுகிறேன்.

நல்ல வண்டியைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். 2007-ல் ஜெனீவா கார் கண்காட்சியில் கிரான்டூரிஸ்மோ முதன்முதலாக வந்து நின்றபோது, பினின்ஃபரீனா என்ற வடிவமைப்பு நிறுவனம் வரைந்த அந்த முன்முகத்தைப் பார்த்துச் சொக்கிப்போனவர்களில் நானும் ஒருவன். பின்னிருக்கையில் வளர்ந்த மனிதர்கள் நிஜமாகவே உட்கார்ந்து போகலாம். டர்போ இல்லாத அந்த வி8, அதாவது எட்டு சிலிண்டர் இன்ஜினை மாரனெல்லோவில் ஃபெராரி செய்து கொடுத்தது. 2019 நவம்பரில் மொடெனா ஆலையிலிருந்து கடைசி வண்டி வெளியேறியது. பிறகு அதே பெயரில் வந்ததில் இரட்டை டர்போ வி6 இருக்கிறது, முழுக்க மின்சாரத்தில் ஓடும் வகையும் இருக்கிறது. அந்த பழைய வி8 நிமிடத்துக்கு ஐயாயிரம் சுற்றைத் தாண்டும்போது எழுப்பும் குரல் இனிப் புதிதாகப் பிறக்கப்போவதில்லை. நாளைக்கு இந்த வண்டியை மதிப்பார்களா என்று கேட்டால், மதிப்பார்கள் என்றே நான் நம்புகிறேன்.

ஆனால் நாளை வரை அது உயிரோடு போய்ச் சேர வேண்டுமே. அதற்கு நடுவில் ஒரு கெட்ட காலம் இருக்கிறது. இத்தாலியின் பெரிய பயணக் கார்கள் அனைத்தும் அதைக் கடந்துதான் வந்திருக்கின்றன. இந்த வண்டி புதிதாக இருந்தபோது ஒரு லட்சம் யூரோவுக்கு மேல். இப்போது அதில் ஒரு பகுதி இருந்தால் போதும், வாங்கிவிடலாம். வண்டியின் விலைதான் இறங்கியிருக்கிறது. கிளட்ச், பிரேக் தட்டு, சஸ்பென்ஷன் கைகள் எல்லாம் இன்னும் லட்ச யூரோ வண்டிக்கான விலையிலேயே இருக்கின்றன. விலை மலிந்ததால் வாங்கியவர் முதல் சர்வீஸைத் தள்ளிப்போடுகிறார். அடுத்ததையும் தள்ளிப்போட்டுவிட்டு விற்கிறார். அவரிடம் வாங்கியவருக்கு இரண்டு சர்வீஸ் பாக்கி, போதாததற்குப் புதிதாக ஒரு எண்ணெய்க் கசிவு. ஒருநாள் பழுது பார்க்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டுகிறது. அன்றைக்கே வண்டியின் ஆயுள் முடிந்தது. 1981-ல் மசெராட்டி கொண்டுவந்த பிட்டர்போ இப்படித்தான் ஆயிரக்கணக்கில் மறைந்தது. அப்போது யாரும் அழவில்லை.

இன்னொன்று சொல்கிறேன். ஃபெராரி 250 ஜிடிஇ, 1960 முதல் 1963 வரை வந்தது. ஃபெராரி ஓரளவு பெரிய எண்ணிக்கையில் செய்த முதல் நான்கு இருக்கை வண்டி அது. ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. ரோம் நகரக் காவல்துறைகூட ஒன்றை வைத்திருந்தது, திருடர்களைத் துரத்த. நான்கு இருக்கை என்பதாலேயே பல ஆண்டுகள் அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அதனால் என்ன நடந்தது? அதன் வி12 இன்ஜினுக்காகவும் சட்டகத்துக்காகவும் வாங்கி, உடலை வெட்டி எறிந்துவிட்டு, ஃபெராரியின் அரிய பந்தய வண்டியான 250 ஜிடிஓ-வின் நகல்களைக் கட்டினார்கள். குடும்பத்தோடு கடற்கரைக்குப் போன எத்தனையோ வண்டிகள் இப்படிப் பட்டறையில் வெட்டுப்பட்டன. பிழைத்தவற்றை இன்று தேடி அலைகிறார்கள். அவை பிழைத்ததற்குக் காரணம், சந்தை கைவிட்ட காலத்தில் அவற்றை ஓட்டி, பழுது பார்த்து, மீண்டும் ஓட்டிய மூன்றாவது, நான்காவது உரிமையாளர்கள். முதல் உரிமையாளரிடம் பணம் இருந்தது. கடைசியில் வாங்கும் சேகரிப்பாளரிடமும் பணம் இருக்கிறது. நடுவில் இருந்தவரிடம் இருந்தது பொறுமை மட்டும்தான். கே., நீங்கள் அந்த நடு இடத்தில்தான் நிற்கிறீர்கள். அங்கே நின்றுகொண்டு சேகரிப்பாளரின் கணக்கைப் போடுகிறீர்கள்.

இதைச் சொன்னால் உடனே எனக்கு ஒரு கதையை அனுப்புவார்கள். நீங்களும் அனுப்பக்கூடும் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன். டெக்சாஸ் மாநிலத்தில் விக்டோரியா என்ற ஊரின் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு 1960-களில் அசல் 250 ஜிடிஓ ஒன்றைத் தானமாகக் கொடுத்தார்கள், மாணவர்கள் மெக்கானிக் வேலை பழக. 1972-ல் பள்ளி அதை 6,500 டாலருக்கு விற்றது. வாங்கியவர் ஒஹாயோவுக்குக் கொண்டுபோனார். பல ஆண்டுகள் அது வெட்டவெளியில் மழையிலும் வெயிலிலும் நின்றது. 2018 ஆகஸ்டில் மான்டரே ஏலத்தில் வேறொரு ஜிடிஓ 4.84 கோடி டாலருக்குப் போனது. பார்த்தீர்களா, வயலில் கிடந்தாலும் தங்கம்தான் என்பார்கள்.

அந்த வண்டிகள் மொத்தமே 36 என்பதை மட்டும் வசதியாக மறந்துவிடுவார்கள். ஒவ்வொன்றின் சட்டக எண்ணும் உலகத்துக்குத் தெரியும். எந்த நிலையில் கிடைத்தாலும் அதைச் சீராக்கக் கோடிகளோடு ஆள் காத்திருப்பார். கிரான்டூரிஸ்மோவோ கூரை திறக்கும் வகையையும் சேர்த்தால் நாற்பதாயிரத்தை ஒட்டி வந்திருக்கிறது. உங்கள் வெள்ளை வண்டி கிடங்கில் செத்துப்போனால் அதை எழுப்ப ஒருவரும் வரமாட்டார். அதிலிருக்கும் இன்ஜினைக் கழற்றிக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான்.

நின்றுகொண்டிருக்கும் காருக்கு என்ன ஆகும் என்று நீங்கள் யோசித்துப் பார்த்ததே இல்லையா? நீங்கள் பொறியாளர்; கோபம் வருகிறது எனக்கு. பிரேக் திரவம் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். உள்ளே குழாய் துருவேறும். எத்தனால் கலந்த பெட்ரோலும் ஈரத்தை இழுக்கும். எண்ணெய் படாத ரப்பர் சீல்கள் காய்ந்து சுருங்கி, என்றைக்கு வண்டியைக் கிளப்புகிறீர்களோ அன்றைக்குக் கசியும். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் ஆண்டு. வெள்ளை வண்டியில் அதைக் குனிந்து பாருங்கள். பேட்டரி தானாக வடிந்து, மின்னழுத்தம் குறைந்த கணினிப் பெட்டிகள் இல்லாத பழுதையெல்லாம் அறிவிக்கத் தொடங்கும். கதவைத் திறந்து உட்கார்ந்து ஜன்னல் பொத்தானில் விரலை வையுங்கள். அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகளின் பொத்தான்களில் ஒரு மென்மையான பூச்சு உண்டு. வயதாக ஆக அது பலாப்பால் மாதிரி விரலோடு ஒட்டிக்கொண்டு வரும். 19,000 கிலோமீட்டர் என்று காட்டுகிறதே, அந்த எண் இதில் எதையாவது தடுக்குமா?

'எச்' எண்பலகை பற்றியும் ஒரு வார்த்தை. முப்பது வயதானதும் தானாக வந்துவிடாது அது. வண்டி பேணப்பட்ட நிலையில், அசலுக்கு உண்மையாக இருக்கிறது என்று ஆய்வாளர் சான்று தர வேண்டும். மியூனிக்கில் இருந்துகொண்டு இதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா, தம்பி?

டுரினில் நான் வாடகைக்கு இருந்தது போர்கோ சான் பாவ்லோ பகுதியில். லான்சியா கார்த் தொழிற்சாலை இருந்த பேட்டை அது. என் வீட்டு முற்றத்தில் ஒருவர் லான்சியா காமா கூப்பே வைத்திருந்தார். அச்சகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டி யாருக்கும் வேண்டாததாகிவிட்ட காலத்தில் வாங்கியிருந்தார். காமாவுக்கு ஒரு பிறவிக் குறை உண்டு, ஊரறிந்தது. ஸ்டீயரிங்குக்கு வலுவூட்டும் பம்பும், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான இடப்பக்கக் கேம் ஷாஃப்டும் ஒரே பெல்ட்டின் விசையில்தான் ஓடின. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் அந்தச் சுமையில் பெல்ட் ஒரு பல் தாவிவிடும், வால்வும் பிஸ்டனும் மோதும், இன்ஜின் போச்சு.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ராத்திரி எந்நேரம் வந்தாலும், சலிக்காமல் முன்னும் பின்னும் எடுத்து, வண்டியின் மூக்கு வெளிவாசலுக்கு நேர்கோட்டில் இருக்கும்படி நிறுத்துவார். காலையில் கிளப்பிவிட்டு இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஸ்டீயரிங்கைத் தொடமாட்டார். வெப்பமானியின் முள் எழும்பும் வரை அப்படியே இருப்பார், மாடியிலிருந்து பார்ப்பேன். பிறகு நேராகவே வாசலைத் தாண்டித் தெருவுக்கு வந்த பின்புதான் முதல் திருப்பம். பனிக்காலத்தில் பேருந்துக்கு நேரமாகிறதே என்று நான் ஓடும்போதுகூட அவர் அசையாமல் உட்கார்ந்திருப்பார். ஒருமுறை அவரோடு ஆஸ்தா பள்ளத்தாக்கு வரை போனேன். வழியெல்லாம் அவர் பேசியது அந்த இன்ஜினின் சத்தங்களைப் பற்றித்தான். எந்தச் சத்தம் வழக்கமானது, எது இரண்டு வாரமாகப் புதிதாகக் கேட்கிறது, அதை எந்தப் பட்டறைக் கிழவரிடம் காட்ட வேண்டும் என்று. லான்சியாவின் வரைபடச் சாலையில் இருந்த படிப்பாளிகள் செய்த பிழையை, ஒரு அச்சுத் தொழிலாளி தினமும் காலையில் தன் பொறுமையால் ஈடுகட்டிக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்கு என்ன விலை கிடைக்கும் என்று அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

இந்த அறிவு விற்பனைப் பத்திரத்தோடு வராது. ஓட்டினால்தான் வரும். ஓட்டுபவர்கள் இருந்தால்தான் அந்த வண்டியைத் தெரிந்த பட்டறைகள் திறந்திருக்கும், நின்றுபோன உதிரிபாகங்களை மறுபடி செய்ய ஆள் கிடைக்கும். எல்லோரும் உறை போட்டு வைத்துவிட்டால் 2039-ல் உங்கள் வண்டியைத் தொடத் தெரிந்த மெக்கானிக் ஒருவர்கூட மிஞ்சமாட்டார்.

ஆகவே கருநீல வண்டியைப் போய்ப் பாருங்கள். 'எஸ்' வகையின் ரோபோ கியர்பாக்ஸ், கிளட்சை உங்கள் காலுக்குப் பதில் இயந்திரமே இயக்குவது, அழகானதுதான். ஆனால் அது கிளட்சைத் தின்னும், நகர நெரிசலில் இன்னும் வேகமாக. ஆட்டோமேட்டிக் உங்களுக்குப் போதும். கோப்பைக் கேட்டு வாங்கி, ரசீதுகளைத் தேதி வரிசையில் அடுக்கிப் படியுங்கள். இரண்டு ரசீதுகளுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருந்தால் ஏன் என்று கேளுங்கள். வாங்கும் விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆண்டுப் பழுதுக்கென்று தனியே வையுங்கள். அது இல்லையென்றால் வாங்கவே வேண்டாம்.

பார்க்கப் போகும் முன் விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: நான் வரும்வரை இன்ஜினைக் கிளப்பக் கூடாது. இந்த வி8-களில், குறிப்பாகத் தொடக்க ஆண்டு வண்டிகளில், கேம் ஷாஃப்டின் நேரத்தை மாற்றும் வேரியேட்டர் தேய்ந்தால் குளிர்ந்த இன்ஜின் கிளம்பும் முதல் சில நொடிகளில் கடகடவென்று சத்தம் வரும். சூடான பின் அமுங்கிவிடும். அதைச் சரிசெய்யும் செலவு உங்கள் கணக்கையே கவிழ்த்துவிடும். போனதும் பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால் காரணம் கேட்டுக்கொண்டு நிற்காதீர்கள், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுங்கள்.