குழந்தைக்கு எதற்கு 'குடிகாரர் டெஸ்ட்'?

கேள்வி: என் மகளுக்கு ஒன்றரை வயது. கழுத்து நிற்கவே ரொம்ப நாளாச்சு, இன்னும் உட்காரவில்லை, மாறுகண் இருக்கிறது, மார்புக்காம்பு உள்வாங்கியிருக்கிறது. டாக்டர் டிரான்ஸ்ஃபெரின் டெஸ்ட் எழுதிக்கொடுத்தார். லேப்பில் கேட்டால், அது குடிப்பழக்கம் உள்ளவர்களுக்குப் பார்ப்பது என்கிறார்கள். குழந்தைக்கு எதற்கு இது?
- ஒரு தாய், ஈரோடு

பதில்: லேப்பில் சொன்னது பொய்யில்லை, பாதி உண்மை. டிரான்ஸ்ஃபெரின் என்பது ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம். அதில் இரண்டு சர்க்கரைச் சங்கிலிகள் தொங்கும், பெரும்பாலும் சங்கிலிக்கு இரண்டாக மொத்தம் 4 சயாலிக் அமிலம் (இதுவும் ஒரு சர்க்கரை வகைதான்) நுனிகளில் இருக்கும். வாரக்கணக்கில் அதிகமாகக் குடிப்பவர்களுக்கு இந்தச் சங்கிலிகள் குறையும். புரதங்களில் சர்க்கரையைக் கோக்கும் வேலையே பிறவியில் பழுதான குழந்தைகளுக்கும் (இந்த நோய்க்குப் பிறவி கிளைக்கோசைலேஷன் குறைபாடு, சுருக்கமாக சிடிஜி என்று பெயர்) குறையும், அதனால்தான் இரண்டுக்கும் ஒரே புரதத்தைப் பார்க்கிறார்கள். பெல்ஜியத்தில் யாக் யாக்கன் என்ற குழந்தை மருத்துவர் 1980இல் இரட்டைச் சகோதரிகளிடம் இந்த நோயை முதலில் விவரித்தார், டிரான்ஸ்ஃபெரினில் சயாலிக் அமிலம் குறைவது 1984இல் தெரியவந்தது.

ரத்தத்தில் உள்ள டிரான்ஸ்ஃபெரினை மின்புலத்தில் ஓடவிட்டு, எத்தனை சயாலிக் அமிலம் உள்ள வகை எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பார்கள். 4 உள்ளது குறைந்து 2 உள்ளதும் ஒன்றுமே இல்லாததும் கூடினால் சங்கிலி முழுசாகவே விடுபட்டிருக்கிறது, அது முதல் வகை. 3, 1 உள்ளவையும் சேர்ந்து கூடினால் சங்கிலி ஒட்டியிருக்கிறது, ஆனால் முடிக்கப்படவில்லை, அது இரண்டாம் வகை. அதனால் சங்கிலி குறைந்த டிரான்ஸ்ஃபெரின் மொத்தம் எத்தனை சதவீதம் என்று மட்டும் போடும் ரிப்போர்ட் உங்களுக்குப் போதாது, பிறவிக் குறைபாட்டுக்காக வகைவாரியாக வேண்டும் என்று சீட்டில் டாக்டரிடம் தெளிவாக எழுதி வாங்குங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் அதிகம் காணப்படுவது பிஎம்எம்2 என்ற ஜீனின் பழுதில், அது முதல் வகை. அப்படி வந்தால் வெள்ளணுவில் அந்த ஜீன் உருவாக்கும் நொதியையோ, ஜீனையோ பார்த்து உறுதி செய்வார்கள்.

ஆனால் ரிசல்ட் மாறியிருந்தாலே இந்த நோய்தான் என்று முடிவு கட்டாதீர்கள். கேலக்டோசீமியாவும் (பாலில் உள்ள ஒரு சர்க்கரையை உடல் கையாள முடியாத பிறவி நோய்), பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸை உடல் ஏற்காத பிறவி நோயும் இதே மாதிரி காட்டும், இவற்றுக்கு உணவை மாற்றுவதே முக்கிய சிகிச்சை என்பதால் முதலில் இவற்றை விலக்குவது அவசியம். டிரான்ஸ்ஃபெரினின் சொந்த அமைப்பு வித்தியாசமாக இருந்தாலும் குழப்பும், அப்போது பெற்றோரின் ரத்தத்தையும் பார்ப்பார்கள். அதேபோல நார்மல் என்று வந்தாலும் நிம்மதியாகிவிட வேண்டாம், பிறந்த சில வாரங்களில் தவறவிடலாம், சில வகைகளில் எப்போதுமே நார்மலாகத்தான் இருக்கும். அறிகுறி பலமாக இருந்தால் ஜீன் பரிசோதனை கேளுங்கள்.

இன்னொன்று, ரத்தம் உறையும் காரணிகளையும் கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள், இந்தக் குழந்தைகளுக்கு ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்துபோவதும், ரத்தம் கசிவதும் இரண்டுமே வரலாம், அதிலும் ஆபரேஷனுக்கு முன்னால் இது மிக முக்கியம்.

கேள்வி: அப்படியானால் நேராக ஜீன் டெஸ்டே எடுக்கக் கூடாதா?
- ஒரு வாசகர், மதுரை

பதில்: எடுக்கலாம், பலரும் இப்போது அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஜீன் ரிப்போர்ட்டில் 'அர்த்தம் தெரியாத மாற்றம்' என்று வந்து நிற்கும்போது, அந்த மாற்றம் உண்மையிலேயே சங்கிலியைக் கெடுக்கிறதா என்று காட்ட இந்த ரத்தப் பரிசோதனை உதவும். எம்பிஐ என்ற ஜீனின் பழுதால் வரும் வகையை மட்டும் தவறவிடக் கூடாது, அது கல்லீரலையும் குடலையும்தான் தாக்கும், மேனோஸ் என்ற சர்க்கரையை வாய்வழி கொடுத்தாலே நன்றாகக் குறையும். அடுத்த குழந்தை பற்றி யோசிப்பவர்களுக்கு: இவற்றில் பெரும்பாலானவை பெற்றோர் இருவரிடமிருந்தும் வருபவை, ஒவ்வொரு கர்ப்பத்திலும் 25 சதவீத வாய்ப்பு. கருவில் டிரான்ஸ்ஃபெரினை நம்ப முடியாது, ஜீன் மாற்றம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும்.