வெல்டிங்கில் ஒட்டின தகடு ஏன் வளைகிறது? திருகோணமலைப் பட்டறைகளிலிருந்து வந்த கேள்விகள்

உப்புவெளி: ஐயா, தகட்டை நேராக வைத்து, அங்கங்கே சிறு புள்ளியாக டாக் போட்டுத்தான் ஒட்டுகிறேன். ஆறியதும் தோணி மாதிரி வளைகிறதே?

ஒரு மீற்றர் இரும்பு 100 பாகை சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீளும். ஒட்டுமிடம் 1,500 பாகை வரை போகிறது. பக்கத்து இரும்பு குளிர்ந்தே கிடக்கிறது. நீள இடமில்லாத சூட்டிரும்பு இளகித் தனக்குள்ளேயே நசுங்கும். ஆறும்போது அந்த அளவுக்குக் குறுகி, தகட்டையும் சேர்த்து இழுக்கும்.

சீனன்குடா: கணினியில் கணக்குப் போட்டு இந்த வளைவை முன்கூட்டிச் சொல்லலாமாமே, எப்படி?

தகட்டைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, சூடு நகர நகர ஒவ்வொரு கட்டத்துக்கும் கணக்குப் போடும். வெப்ப அளவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். 24 வோல்ற், 120 அம்பியர், விநாடிக்கு 3 மில்லிமீற்றர் வேகம் என்றால் மில்லிமீற்றருக்கு 960 ஜூல். தகட்டுக்குள் இறங்குவது அதில் சுமார் 80 வீதம். வேகத்தை மட்டும் ஊகித்துப் போடாதீர்கள். பக்கத்தில் ஒரு பொடியனை மணிக்கூட்டோடு நிறுத்துங்கள்.

மூதூர்: படகு ஏற்றும் ட்ரெய்லர் சட்டம் செய்கிறோம். கிளாம்ப் போட்டு இறுக்கினால் போதாதா?

நானும் அப்படி நம்பினவன்தான். ஒரு சட்டத்துக்குக் கணக்கு ஓட்டினேன், திரையில் அசைவே இல்லை. பட்டறையில் கடைசிக் கிளாம்பைக் கழற்றியதும் 'டங்' என்று ஒரு மூலை மேலே எழும்பிவிட்டது. கிளாம்பைக் கழற்றும் கட்டத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை! அதைச் சேர்த்த பிறகு ஒட்டும் வரிசையை மாற்றி மாற்றி ஓட்டிப் பாருங்கள்: நடுவிலிருந்து வெளியே, பக்கம் மாற்றி, துண்டு துண்டாகப் பின்னோக்கி. செலவு மின்சாரம் மட்டும்தான், இரும்பு மிச்சம். அப்புறம், இரண்டு தகடு சேரும் மூலையில் 6 மில்லிமீற்றர் கேட்ட ஒட்டை 8 ஆகப் போடாதீர்கள். ஆறாறு 36க்கு எட்டெட்டு 64, முக்கால் பங்குக்கு மேல் கூடுதல் உலோகம், இழுப்பும் கூடும்.

கிண்ணியா: மென்பொருள் வாங்கக் காசில்லை, சேர்.

கல்கியூலிக்ஸ் (CalculiX) என்ற மென்பொருள் இலவசம். நகரும் சூட்டை மட்டும் நீங்களே எழுதிச் சேர்க்க வேண்டும். முழுச் சட்டத்தையும் அப்படி ஓட்டினால் நாட்கணக்காகும். சிறு துண்டில் இரும்பு எவ்வளவு குறுகியது என்ற அளவை எடுத்து முழுச் சட்டத்திலும் ஒரேயடியாக ஏற்றலாம். ஜப்பானில் ஒசாகாப் பல்கலைக்கழகத்தின் உஎடா 1970களில் காட்டிய வழி இது. கப்பல் கட்டுகிறவர்களுக்குப் பழகின முறை.

நிலாவெளி: கச்சான் காற்று அடித்தால் கணக்கு மாறுமா?

பெரிதாக இல்லை. சூடு காற்றில் போவதைவிட தகட்டுக்குள் ஓடுவதுதான் அதிகம். ஒட்டில் துளை விழாமல் ஒரு மறைப்பு வையுங்கள்.

உப்புவெளி: வீட்டு கேட்டுக்கும் இதெல்லாம் வேணுமா ஐயா?

வேண்டாம். நூல் பிடித்துப் பாருங்கள், போதும்.